ஒன்பதாவது குழியில் ஏழு

தூத்துக்குடி
10 மார்ச் 2025

டாக்டரம்மாவுக்கு மாசானம் வணக்கம் சொல்லி எழுதுவது.

இதை எழுதுவது நான்தான். என் கையால் எழுதுகிறேன். வீட்டுக்காரி பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வரி கோணினால் உடனே சொல்லிவிடுகிறாள்.

நாங்கள் நலம். கோல்ஃப் மைதானமும் நலம். மூன்றாவது குழிக்கு முன்னால் நின்ற உடைமரம் இரண்டையும் வெட்டிவிட்டார்கள். அதனால் அந்தக் குழி இப்போது எல்லாருக்கும் எளிதாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எழுத வந்த காரியம் வேறு. திங்கட்கிழமை மைதானம் மூடியிருக்கும்போது பேக் தூக்கும் கேடிகளும் ஆடிக்கொள்ளலாம் என்று செயலாளர் சிவப்பிரகாஷ் சார் தை மாதத்தில் சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் பேக்கைத் தூக்கிய நான் இப்போதுதான் முதல் பந்தை அடித்தேன். துறைமுகத்து இன்ஜினியர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது எனக்குக் கொடுத்த நாலாம் நம்பர் ஹைபிரிட் ஸ்டிக் இருக்கிறது. கடைசிக் குழியான ஒன்பதாவது குழியைப் பார்த்து அதனால் பத்துப் பந்து அடித்தேன். எட்டுப் பந்து இடது பக்கம் வளைந்து உப்பளத்தில் விழுந்தன. இரண்டு வருஷம் முன்பு பொங்கல் கோப்பைப் போட்டியில் உங்கள் பந்து விழுந்த அதே பாத்தி.

அன்றைக்கு நீங்கள் ஏழாம் நம்பர் உட் ஸ்டிக்கைக் கேட்டீர்கள். "காத்து கூடுதும்மா, ஹைபிரிட்ட அடிங்க" என்று நான்தான் கையில் திணித்தேன். ஒரே ஒரு அடியில் கோப்பை போயிற்று. "என்னைக்காவது ஒரு பந்து அடிச்சிருக்கீராவே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். நான் பேக்கை அங்கேயே மண்ணில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். அப்போது எனக்குக் கோபம். இப்போது அடித்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

உங்கள் பேக் இன்னும் இங்கே ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. அதிலிருந்து அந்த ஏழாம் நம்பர் உட்டை மட்டும் திங்கட்கிழமை எடுத்து அடித்துப் பார்க்கலாமா? துடைத்து வைத்துவிடுவேன். ஒரு வரி எழுதினால் போதும். நானே வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
மா. மாசானம்

*

கோயம்புத்தூர்
19 மார்ச் 2025

மாசானத்துக்கு,

உம் பெயரில் ஒரு கடிதம் வந்தது. யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் அடிக்கணக்கு எழுதிய என் கார்டை உம்மிடம் நீட்டியிருக்கிறேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு "சரியா இருக்கும்மா" என்பீர்.

உம் சார்பில் எழுதிய புண்ணியவானுக்கு விஷயம் முழுதாகச் சொல்லப்படவில்லை என்று நினைக்கிறேன். நீர் போட்டுவிட்டுப் போன பேக்கை ஒன்பதாவது குழியிலிருந்து கிளப் வாசல்வரை நான் இழுத்துக்கொண்டு வந்தேன். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றேன். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு வீம்பு. அதற்குப் பிறகு கோவைக்குக் குடிபோக மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் வீட்டில்தான் இருந்தேன். ஒரு எட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஸ்டிக்கை எடுக்க வேண்டாம்.

ஹேமாம்புஜம்

*

தூத்துக்குடி
31 மார்ச் 2025

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "வேண்டாம்" என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசிக்க முடிந்ததே என்ற சந்தோஷம் வந்தது. இரண்டாம் தரம்தான் வருத்தம் வந்தது.

நீங்கள் நம்பாததில் தப்பில்லை. எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை. ஐப்பசி மாதத்திலிருந்து முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வகுப்புக்குப் போகிறேன். பெண்கள் பதினெட்டுப் பேர், ஆண்கள் மூன்று பேர். டீச்சர் பெயர் விஜிலா. என் மகளைவிடச் சின்னவள். முதல் மாதம் அவள் கரும்பலகையில் எழுதினால் எல்லா எழுத்தும் ஒரே முகமாகத் தெரிந்தது. இப்போது பஸ்ஸில் போனால் வழியெல்லாம் வாசித்துக்கொண்டே போகிறேன். தெர்மல் நகர் பஸ் என்று நான் இத்தனை வருஷம் ஏறியது வண்டியின் பச்சை நிறத்தைப் பார்த்துத்தான். போன வாரம் போர்டைப் பார்த்து ஏறினேன். சரியான இடத்தில்தான் இறக்கிவிட்டான்.

அவரவர் தொழிலைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னாள் டீச்சர். நான் எழுதியது இது. "உட் என்ற ஸ்டிக்குக்குத் தலை பெரிது, கம்பு நீளம். பெயர்தான் மரம், இப்போது தலை இரும்புதான். தரையில் கிடக்கும் பந்தை அதனால் துடைத்தாற்போல் வீச வேண்டும். ஹைபிரிட் என்பது உட்டுக்கும் இரும்பு ஸ்டிக்குக்கும் நடுவில் பிறந்தது. தலை சின்னது, கம்பு குட்டை. காய்ந்த புல்லுக்குள் கிடந்தாலும் மணலில் கிடந்தாலும் பந்தைக் கிளப்பிவிடும்."

டீச்சர் வாசித்துவிட்டு, "ரெண்டுல எது நல்லதுன்னு எழுதலியே?" என்றாள். ஹைபிரிட் என்று எழுதினேன். அப்புறம் அதை அழித்துவிட்டுத் தெரியாது என்று எழுதினேன்.

ஏன் படிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுபது வயது தாண்டியவர்களின் போட்டி ஜூலை இருபதாம் தேதி நடக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த கேடியும் இந்தத் தடவை ஆடலாம் என்று போன தீபாவளிக்கே போர்டில் ஒட்டிவிட்டார்கள். ஆனால் ஆடுகிறவன் தன்னோடு ஆடுகிறவரின் கார்டில் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று எழுத வேண்டும், கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு செல்லாது. அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

நீங்கள் சொன்ன மூன்று நாளில் இரண்டாம் நாள் நான் வந்தேன். உங்கள் கேட் வரைக்கும் வந்தேன். வேனில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் மகள் ஸ்ரீஜாம்மா, "யார் வேணும்?" என்று கேட்டார்கள். "சும்மாதாம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அது என் தப்பு.

இந்தக் கடிதம் எழுத மூன்று நாள் ஆயிற்று. ஸ்டிக்கைத் தொடவில்லை.

மா. மாசானம்

*

கோயம்புத்தூர்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள மாசானம்,

ஸ்ரீஜாவைக் கேட்டேன். "ஆமாம், மஞ்சள் துண்டு போட்ட ஒருத்தர் வந்தார், பழைய பேப்பர்காரர்னு நினைச்சேன்" என்கிறாள். இரண்டு வருஷமாக எனக்குச் சொல்லவில்லை. அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இப்போது பேசுகிறோம்.

ஏழாம் நம்பரை எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை மட்டும் என்றில்லை.

ஒன்று கவனியும். நீர் வயலில் வேலை செய்த கை. மண்வெட்டி பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்துக் கொத்துவீர் என்று இங்கிருந்தே தெரிகிறது. அதனால்தான் ஹைபிரிட் இடது பக்கம் ஓடுகிறது. உட்டைக் கொத்தவே கூடாது. பந்தை முன்காலுக்கு நேராகப் போட்டுக்கொள்ளும். கதிர் அறுப்பதுபோல் தரையோடு போகட்டும். என் கைக்கு அது உயரமாய்க் கிளம்பி, விழுந்த இடத்தில் உட்காரும்.

என் கை என்று எழுதுகிறேன். அக்டோபரில் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. தகடு வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆடலாம் என்கிறார் பார்த்த டாக்டர். நானும் டாக்டர்தான். இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்டிக்கை எடுத்து ஓங்கியதும் பாதியில் கை நின்றுவிடுகிறது. வலி இல்லை. பயம்தான். ஸ்ரீஜாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஹேமாம்புஜம்

*

தூத்துக்குடி
5 மே 2025

டாக்டரம்மாவுக்கு,

மூன்று திங்கட்கிழமை அடித்துவிட்டேன். முதல் நாள் ஏழு பந்து தரையிலேயே முயல் மாதிரி ஓடின. எட்டாவது பந்து கிளம்பியது. எங்கே போயிற்று என்று கீழேயே தேடிக்கொண்டிருந்தேன். கூட இருந்த ராமர், "ஏ அண்ணாச்சி, மேல பாரும், மேல" என்றான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்கு நேராக நின்றது பந்து. விழுந்த இடத்திலிருந்து கொடி இருபது எட்டு தூரம்தான். நான் அந்த இடத்துக்கு ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் ஓடியதற்குப் பேச்சித்தாய் திட்டினாள். நீங்கள் அந்த ஸ்டிக்கை ஏன் விடமாட்டேன் என்றீர்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். தூக்கிச் சுமந்து மட்டும் பார்த்தவனுக்கு அது தெரியாது.

ஆனால் பொட்டல் தரையில் அது என்னை ஏமாற்றுகிறது. தலை தரையில் பட்டுத் துள்ளிப் பந்தின் மண்டையில் அடிக்கிறது. அந்த இடத்தில் ஹைபிரிட்தான் சொன்னபடி கேட்கிறது. ஆகவே இரண்டும் நல்லது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

மணிக்கட்டு விஷயம் வாசித்து வருத்தப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பேச்சித்தாய்க்கும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வாசித்துக் காட்டினேன்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனேன். சிவப்பிரகாஷ் சார் நல்லவிதமாகத்தான் பேசினார். "ரூல்ல இடம் இருக்கு அண்ணாச்சி. ஆனா உம்மகூட ஆட ஒரு மெம்பர் வேணும்லா. அவங்க உம்ம கார்டை எழுதணும், நீரு அவங்க கார்டை எழுதணும்" என்றார். நாலு பேரிடம் கேட்டேன். எல்லாருக்கும் ஏற்கெனவே ஜோடி இருக்கிறதாம். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். "அண்ணாச்சி, கோவிச்சுக்காதீரும். நீரு இப்பதான் எழுதப் படிக்குதீரு. ஒரு குழிக்குக் குறைச்சு எழுதி அதுல நானும் பாராமக் கையெழுத்துப் போட்டுட்டா, என் பேரையே எடுத்துருவாவ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் பதினைந்து. இதை உங்களிடம் எதையும் கேட்பதற்காக எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

மா. மாசானம்

*

கோயம்புத்தூர்
14 மே 2025

மாசானம்,

கேட்பதற்காக எழுதவில்லை என்று எழுதினால் அது கேட்பதுதான்.

என்னால் முடியாது. ஓங்கினால் பாதியில் நிற்கும் கையோடு அந்த ஆட்கள் முன்னால் வந்து நிற்க மாட்டேன். ஒரு தடவை நின்றது போதும். வேறு யாரையாவது பாரும்.

ஹேமாம்புஜம்

*

தூத்துக்குடி
20 மே 2025

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் எழுதியது சரி. கேட்கத்தான் எழுதினேன். நேராகக் கேட்காதது தப்பு. இனி அப்படி எழுத மாட்டேன்.

பஸ் பார்சலில் ஒரு நீளச் சாக்குப்பொதி வரும். பயப்பட வேண்டாம். உள்ளே என் ஹைபிரிட் இருக்கிறது. போட்டிக்காக இல்லை, கைக்காக. கம்பு குட்டை என்பதால் முழுசாக ஓங்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினாலே பந்து நூறு கஜம் போகும். பாதியில் நிற்கிற கைக்குப் பாதி வீச்சு போதும் என்றிருக்கிற ஸ்டிக் இது ஒன்றுதான். கைப்பிடியில் தோல் சுற்றித் தடிமன் ஆக்கியிருக்கிறேன். மணிக்கட்டு அதிராது.

வேண்டாம் என்றால் மூலையில் வைத்துவிடுங்கள். துணி காயப்போடும் கொடியைத் தூக்கிவிட ஆகும்.

மா. மாசானம்

*

கோயம்புத்தூர்
7 ஜூன் 2025

அன்புள்ள மாசானம்,

பத்து நாள் உம் பொதியைப் பிரிக்கவில்லை. ஸ்ரீஜாதான் பிரித்தாள். "அம்மா, இதுல யாரோ செருப்புத் தோலைச் சுத்தி வெச்சிருக்கா" என்றாள். மூக்கைச் சுளித்துக்கொண்டே என்னைக் காரில் ஏற்றி அவிநாசி ரோட்டுப் பக்கம் பந்து அடித்துப் பழகும் ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே எல்லாரும் சின்ன வயசு. நான் ஓரத்து மேடையில் நின்றேன்.

முதல் பதினைந்து பந்தும் இடது பக்கம். நம் உப்பளத்தை நினைத்துச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் புத்தியில் ஒன்று தட்டியது. இத்தனை வருஷமும் நான் ஹைபிரிட்டை உட் மாதிரி அடித்திருக்கிறேன். பந்தை முன்காலுக்கு நேராக வைத்துத் துடைத்திருக்கிறேன். இது பாதி இரும்பு. பந்தை இரண்டு விரல்கடை பின்னுக்குத் தள்ளிவைத்து, மேலிருந்து லேசாக இறக்கினேன். நேராகப் போயிற்று. அடுத்ததும் நேராகப் போயிற்று. ஆக, பொங்கல் கோப்பையில் நீர் கொடுத்த ஸ்டிக் சரி. நான் நின்ற நிலைதான் தப்பு. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆகவில்லை, ஆனால் உம்மைவிடக் கஷ்டப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

கை இன்னும் நிற்கிறது. நாலுக்கு ஒரு தடவை.

சிவப்பிரகாஷுக்குப் போன் செய்து நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். அவர் தயங்கினார். "மேடம், கார்டு விஷயம் யோசிச்சீங்களா?" என்றார். "நாற்பது வருஷம் நான் எழுதிய மருந்துச் சீட்டை மருந்துக்கடைக்காரரைத் தவிர ஒருவரும் வாசித்ததில்லை. மாசானம் எழுத்தை நான் கண்ணாடி போடாமல் வாசிக்கிறேன்" என்றேன்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வருகிறேன். ஞாயிறு மாலை நாலு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். தனியாகத்தான் வருவேன். ஏழாம் நம்பர் உம்மிடமே இருக்கட்டும். உம் ஹைபிரிட்டை நான் கொண்டுவருகிறேன்.

ஹேமாம்புஜம்

*

தூத்துக்குடி
24 ஜூலை 2025

டாக்டரம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் ஆட்டோவில் ஏறினீர்கள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோபமா என்று தெரியாமல் நாலு நாளாக இருக்கிறேன். ஆகையால் முழுவதும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாவது குழியில் நீங்கள் "ஆறு" என்றீர்கள். நான் ஏழு என்று எழுதினேன்.

உங்கள் முதல் அடி நன்றாகப் போயிற்று. இரண்டாவது அடி அதைவிட நன்று. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எதிரே வீசியது, நான் அடித்த உட் பந்தை மேலே தூக்கி என்னிடமே திருப்பித் தந்தது, உங்கள் ஹைபிரிட் பந்தோ காற்றுக்குக் கீழே தாழ்வாகப் போயிற்று. மூன்றாவது அடிக்குப் போனபோதுதான் பந்து மாட்டின் குளம்புப் பள்ளத்தில் கிடந்தது. நீங்கள் வீசினீர்கள். கை நின்றது. ஸ்டிக் பந்துக்கு மேலாகப் போயிற்று. பந்து அசையவில்லை. அடுத்து மறுபடியும் வீசினீர்கள், அது பட்டது.

முதலில் வீசியதை நீங்கள் ஒத்திகை என்று கணக்கில் சேர்க்காமல் விட்டீர்கள். வேறு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒத்திகைக்கு வீசுகிறவர் தலை நிமிரமாட்டார். இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன், நீங்கள் ஒத்திகையில் ஒரு நாளும் நிமிர்ந்ததில்லை. அன்று நிமிர்ந்து கொடிப் பக்கம் பந்தைத் தேடினீர்கள். பந்தைத் தேடினால் அது அடிதான்.

பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பின்னால் வந்த ஜோடி, "ஏ அண்ணாச்சி, என்ன பத்தாங்கிளாஸ் பரீட்சையா எழுதுதீரு? வெயில் கொல்லுதுவே" என்று சத்தம் போட்டார்கள். எனக்கு ஏழு எழுதத் தெரியாமல் இல்லை. ஆறு என்று எழுதினால் உங்களுக்கு மூன்றாம் பரிசு வரலாம். வெளியூரிலிருந்து எனக்காக வந்தவர்கள். நம்பி யாரும் கார்டைக் கொடுக்காதபோது நீங்கள் கொடுத்தீர்கள். அப்படிக் கொடுத்தவரின் கார்டில் முதல் தடவையாக எழுதுகிறேன். அதில் பொய்யாக ஒரு எண்ணை எழுதக் கை வரவில்லை.

நீங்கள் போன பிறகு கார்டுகளைச் சரிபார்த்தார்கள். பதினாலு கார்டில் மூன்றில் கூட்டல் தப்பு. ஒன்றில் கையெழுத்தே இல்லை. நான் எழுதியதில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை என்று சிவப்பிரகாஷ் சார் தூக்கிக் காட்டினார். உங்கள் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன். ஹே என்ற எழுத்தை விஜிலா டீச்சரிடம் தனியாகக் கேட்டுப் பழகியிருந்தேன். நீங்கள் ஐந்தாம் இடம். நான் ஒன்பதாம் இடம். எனக்குப் பின்னாலும் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று பேச்சித்தாய் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

மா. மாசானம்

*

கோயம்புத்தூர்
1 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாசானம்,

கோபம் இல்லை. வெட்கம்.

ஒத்திகை என்று நான் நினைக்கவில்லை. அடிக்கத்தான் வீசினேன். கை நின்றது, பந்து அங்கேயே கிடந்தது, அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். நீர் கேட்டதும் வாய் ஆறு என்றது. கார்டில் ஏழு என்று இருந்ததைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் உம்மோடு வாதாட நினைத்தேன். வாதாடியிருந்தால் ஜெயித்திருப்பேன், மெம்பர் சொல்வதைத்தான் அங்கே கேட்பார்கள். அது நினைவுக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நின்று பேசினால் அழுதுவிடுவேன் என்று ஆட்டோவில் ஏறினேன். பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் சர்பத் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விருதுநகர் தாண்டியதும் நன்றாகத் தூங்கினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படித் தூங்கினேன்.

கை நின்றதை ஸ்ரீஜாவிடம் சொல்லிவிட்டேன். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறாள். இப்போது பத்துக்கு ஒரு தடவைதான் நிற்கிறது.

அக்டோபரில் அடுத்த போட்டி இருக்கிறதாம். நேற்று சிவப்பிரகாஷைக் கூப்பிட்டு என் பெயரைக் கொடுத்தேன். உம்மைத் தங்கள் கார்டு எழுதும் ஜோடியாகப் போடச் சொல்லி ஏற்கெனவே இரண்டு மெம்பர்கள் கேட்டிருப்பதாகச் சொன்னார். ஒருவர், மே மாதம் உம்மிடம் உண்மையைச் சொன்ன அதே ஆள். அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லுங்கள் என்றேன்.

நேராகவே கேட்கிறேன். என் கார்டை எழுதுகிறீரா?

ஹேமாம்புஜம்